ஆள்களம்: வல்லார்பாடத்துக் கணினிகளும் தொலைதூரச் சாவியும்

ஆங்கிலத்தில் டொமைன் என வழங்கும் சொல் கணினிக்கு வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நிலத்துக்கும் அரசுக்கும் உரியதாக இருந்தது. ஒருவருடைய ஆணை செல்லுபடியாகும் எல்லை என்பதே அதன் பழைய பொருள். இணையத் தமிழில் அதற்கு ‘ஆள்களம்’ என்ற பெயர் வழங்குகிறது. கலைச்சொல்லாக்கத்தில் அரிதாகவே இத்தகைய பொருத்தம் வாய்க்கும். மூலச்சொல்லில் மங்கிப்போன அதிகார வாடை தமிழ்ச்சொல்லில் அப்படியே நிற்கிறது. ஓர் அலுவலகத்தின் கணினிகளை மையப் பிணையத்தின் ஆள்களத்தில் சேர்ப்பதா, அவற்றைத் தனித்தனியாக விட்டுவைப்பதா என்ற கேள்வி பொதுவாக ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் அரைநாள் வேலையாகக் கருதப்படுகிறது. கொச்சித் துறைமுகத்தின் வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால், அது ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக வெவ்வேறு உடைகளில் திரும்பத் திரும்ப எழுந்துவரும் கேள்வி. ஓர் இடத்தின் கதவைத் திறக்கும் சாவி அவ்விடத்திலேயே இருக்கவேண்டுமா, தொலைவிலுள்ள மையத்திடம் இருக்கலாமா?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். தனித்து நிற்கும் கணினி தன்னைப் பயன்படுத்துவோரைத் தானே அறியும். பயனர் பெயரும் கடவுச்சொல்லின் சுவடும் அதன் வட்டிலேயே இருக்கும். மூன்று கணினிகளில் வேலை செய்யும் ஓர் எழுத்தர் மூன்றிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கவேண்டும். அவர் வேலையை விட்டுச் சென்றால் மூன்றிலிருந்தும் தனித்தனியாக நீக்கப்படவேண்டும். ஆள்களத்தில் சேர்ந்த கணினி இந்த அறிவைக் கைவிடுகிறது. உள்ளே நுழைய முயல்பவர் யார் என்பதை அது மையக் கட்டுப்பாட்டுக் கணினியிடம் கேட்கிறது. ‘டொமைன் கன்ட்ரோலர்’ எனப்படும் அந்த வழங்கி ஒப்புக்கொண்டால் கதவு திறக்கும். அதோடு முடிவதில்லை: திரை எத்தனை நிமிடத்தில் பூட்டிக்கொள்ளவேண்டும், பென்டிரைவ் செருகலாமா கூடாதா, எந்த மென்பொருளை நிறுவலாம் என்பவற்றையும் மையமே விதித்து அனுப்பும். சேர்ந்த கணத்திலேயே மைய நிர்வாகிகளின் குழு அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகிகள் பட்டியலில் தானாக இடம்பெற்றுவிடுகிறது. மேசைமேல் இருக்கும் பெட்டி அலுவலகத்தின் சொத்தாகவே இருக்கும். அதன் மேலான ஆணை வேறிடத்துக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகமில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. வரிசையோடு அலுவலக ஆள்களங்கள் பரவத் தொடங்கின. அதே ஆண்டில் நாவெல் நிறுவனமும் தன் நெட்வேர் அமைப்பில் பயனர்களுக்கான மையக் கோப்பகம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2000-இல் விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி போட்டியை ஏறத்தாழ முடித்துவைத்தது. அதன் உள்ளே ஓடும் அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறையான கெர்பரோஸ், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த அத்தீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கத் தொன்மத்தில் கீழுலகின் வாயிலைக் காக்கும் மூன்றுதலை நாயின் பெயர் அது. நுழைவோர், அவர் நாடும் சேவை, இருவரும் நம்பும் மூன்றாவது தரப்பு என்ற மூன்றும்தான் அத்தலைகள். மூன்றாவது தலை ஊருக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரைக்குரிய செய்தி.

கெர்பரோஸின் ஒரு சிறு விதி வரலாற்று மாணவருக்குச் சுவையானது. கணினியின் கடிகாரம் மையத்தின் கடிகாரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், வழக்கமான அமைப்பில் அதன் நுழைவுச் சீட்டு ஏற்கப்படுவதில்லை. ஆள்களத்தில் சேர்வதென்றால் அதன் நேரத்தையும் ஏற்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்பாதைகள் சென்னை வானோக்ககத்தின் நேரத்தைப் பின்பற்றின. ஊருக்கொரு நேரம் வைத்திருந்த நகரங்கள் நிலையத்தில் ஒரு கடிகாரமும் கடைத்தெருவில் இன்னொன்றுமாக வாழ்ந்தன. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்த பின்பும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. மையத்தோடு சேர்வதன் முதல் அறிகுறி எப்போதும் கடிகாரத்தில்தான் தெரியும் போலும்.

இனி கொச்சிக்கு வரலாம். 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டைக் கொச்சி, மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் நாடு. இரண்டுக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவுதான். எனினும் இரண்டும் இரு வேறு ஆள்களங்கள். மிளகும் கயிறும் எண்ணெயும் ஒரே காயலின் மேல் படகேறி வந்தாலும், எந்தத் துறையில் இறங்கின என்பதைப் பொறுத்து வெவ்வேறு தீர்வைக்கு ஆளாயின. இந்தச் சிக்கலை அவிழ்க்க 1865-இல் பிரிட்டிஷ் இந்திய அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் துறைமுகங்களுக்கிடையிலான வணிக உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் திருவிதாங்கூரிலும் டி. சங்குண்ணி மேனோன் கொச்சியிலும் திவான்களாக இருந்த காலம் அது. இரு அரசுகளும் தம் துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதங்களையே ஏற்றன. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் பண்டங்களுக்குத் தனித்தீர்வை விதிப்பதைக் கைவிட்டன. ஈடாக, இழக்கப்படும் வருமானத்துக்குக் குறைந்தபட்ச உறுதி ஒன்று அவற்றுக்கு அளிக்கப்பட்டது.

இந்த உடன்படிக்கையை வணிகச் சுதந்திரத்தின் வெற்றியாக எழுதியவர்களும் உண்டு, சமஸ்தானங்களின் நிதி உரிமையைப் பறித்ததாக எழுதியவர்களும் உண்டு. இரண்டும் மெய்யே. தீர்வை விகிதத்தைத் தீர்மானிக்கும் உரிமை போனது. பண்டங்கள் தடையின்றி ஓடின. ஆனால் இங்கு கவனிக்கவேண்டியது, கொச்சி என்ன பெற்றது என்பதைவிட எப்படிச் சேர்ந்தது என்பது. சேர்வதற்கு விலை பேசப்பட்டது, எழுத்தில் வைக்கப்பட்டது, வசூலிக்கும் ஆள்கள் கொச்சியின் ஆள்களாகவே தொடர்ந்தனர். விகிதம் மையத்தினுடையது, கை உள்ளூருடையது. கணினி மொழியில் சொன்னால், கொள்கை மேலிருந்து வந்தது, நிர்வாகிக் கடவுச்சொல் ஊரிலேயே இருந்தது.

இரண்டாவது பேரம் துறைமுகம் கட்டப்பட்டபோது நடந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ வாயிலை மறித்திருந்த மணல்திட்டை அகழ்ந்து, அந்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை எழுப்பினார். 1928 மே மாதத்தில் பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பணம் யார் போடுவது, சுங்க வருமானம் யாருக்கு என்பவை அகழ்வைவிடக் கடினமான வேலைகள். 1925-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி அந்த வருமானம் இந்திய அரசு, கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று பங்காகப் பிரிக்கப்படுவதாயிற்று. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1949 ஜூலையில் திருவிதாங்கூர்–கொச்சி இணைப்பும், 1950 ஏப்ரலில் சமஸ்தானங்களின் நிதி ஒருங்கிணைப்பும் நடந்த பிறகு பங்கு என்ற பேச்சே இல்லாமற்போனது. சுங்கம் முழுமையாக ஒன்றிய அரசினுடையது. எண்பத்தைந்து ஆண்டுகளில் ‘விகிதம் உங்களுடையது, கை எங்களுடையது’ என்ற நிலையிலிருந்து ‘விகிதமும் கையும் உங்களுடையவை’ என்ற நிலைக்குக் கொச்சி வந்து சேர்ந்தது.

இதே பாதையைக் கணினிகள் பதினைந்தே ஆண்டுகளில் நடந்து முடித்தன.

இந்தியச் சுங்கத் துறையின் கணினிமயம் 1995-இல் டெல்லிச் சுங்க இல்லத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய அந்த மென்பொருள் ஐ.சி.இ.எஸ். எனப்படுகிறது. ஒவ்வொரு சுங்க நிலையத்திலும் தனித்தனி வழங்கி இருந்தது. ஏற்றுமதியாளரின் ஷிப்பிங் பில்லும் இறக்குமதியாளரின் பில் ஆஃப் என்ட்ரியும் அந்தந்த ஊரின் வழங்கியிலேயே தங்கின. வில்லிங்டன் தீவிலுள்ள கொச்சிச் சுங்க இல்லத்தின் வழங்கி நின்றால் கொச்சி நிற்கும், தூத்துக்குடி நிற்காது. பழுதுக்கும் ஊர் எல்லை இருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்தியச் சுங்க வாரியம் தன் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்புத் திட்டத்தின் மூலம் ஊர்தோறும் இருந்த வழங்கிகளை விலக்கி, தரவை மையத் தரவகத்துக்கு நகர்த்தியது. அதிகாரிகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒற்றை நுழைவு அடையாளம் வழங்கப்பட்டது. மாற்றலாகிச் செல்லும் அதிகாரி தன் அடையாளத்தோடு செல்கிறார். பழைய ஊரில் அவருடைய கணக்கு அனாதையாகக் கிடப்பதில்லை. நன்மை பெரிது. மையம் மெதுவானால் கொச்சியும் சென்னையும் நாவசேவாவும் ஒருசேர மெதுவாகும் என்பது அதன் மறுபக்கம். மாதக் கடைசியில் ஏற்றுமதி ஆவணங்கள் குவியும்போது திரையை வெறித்தபடி காத்திருந்த சி.எச்.ஏ. அலுவலகத்து எழுத்தருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பின் முழுப் பொருள் 2020-இல்தான் வெளிப்பட்டது. முகமறியா மதிப்பீடு என்ற முறை அவ்வாண்டு ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி, அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் பரவியது. கொச்சியில் இறங்கும் பண்டத்தின் தீர்வையை வேறொரு நகரத்தில் அமர்ந்திருக்கும், வணிகரின் முகமறியாத அதிகாரி மதிப்பிடலாம். தரவு ஊரை விட்டுப் போனபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு அதைத் தொடர்ந்து முடிவெடுக்கும் அதிகாரமும் போயிற்று. இது கெடுதல் என்று சொல்ல முடியாது. உள்ளூர் நெருக்கம் ஊழலுக்கு வழிவிட்டதைத் துறைமுக நகரங்கள் நன்கறியும். ஆயினும், பிணையத்தின் வடிவம் பற்றிய முடிவு பிற்காலத்து அதிகாரத்தின் வடிவத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

வல்லார்பாடம் இந்தக் கதைக்குள் வருவது 2005-இல். அவ்வாண்டு பிப்ரவரியில் பன்னாட்டுக் கொள்கலன் மாற்றுமுனையத்துக்குப் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2011 பிப்ரவரி 11 அன்று அவரே அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். முப்பதாண்டு உரிமம் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட டி.பி. வேர்ல்டு குழுமத்தின் இந்தியா கேட்வே டெர்மினல் நிறுவனத்துக்கு. இந்தியக் கொள்கலன்கள் கொழும்பில் மாறிச் செல்லும் வழக்கத்தைத் திருப்புவதே நோக்கம். அதுவரை ஆண்டுதோறும் திருவிழாக்கூட்டம் கூடும் மீட்பின் அன்னை ஆலயத்தால் அறியப்பட்ட தீவு, கோஸ்ரீ பாலங்களாலும் 4.62 கிலோமீட்டர் நீள வேம்பநாட்டு இரயில் பாலத்தாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டது. இணைப்பு என்ற சொல்லுக்கு இப்பகுதியில் இன்னொரு நினைவும் உண்டு. முனையத்துக்கான சாலைக்கும் இரயில்பாதைக்கும் மூலம்பிள்ளியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டதும், மறுவாழ்வுக்கான நீண்ட போராட்டமும் கேரளத்தின் பொது நினைவில் பதிந்தவை. இணைப்பின் பயனை ஒருவரும் விலையை மற்றொருவரும் ஏற்பது புதிதல்ல.

கொள்கலன் முனையம் என்பது பாதி எஃகு, பாதி மென்பொருள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முற்றத்தில் எந்தப் பெட்டி எங்கே என்பது முனைய இயக்க மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். வாயிலில் லாரி ஓட்டுநர் காட்டும் எண் திரையில் வராவிட்டால், கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வந்த வண்டி வெறும் வண்டிதான். ஒரு நிறுவனம் பல கண்டங்களில் முனையங்களை நடத்தும்போது, அவற்றின் அலுவலகக் கணினிகளை ஒரே அடையாள அமைப்பின்கீழ் கொண்டுவருவது இயல்பாகத் தோன்றும். இயல்பாகத் தோன்றிய அந்த முடிவின் விலையை உலகம் 2017 ஜூன் 27 அன்று கண்டது.

அன்று உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டாக் என்ற கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா எனப் பிற்பாடு பெயர்பெற்ற தீநிரல் பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதன் இலக்கல்ல. ஒடேசாவிலிருந்த அதன் அலுவலகத்தில் ஒரு கணினியில் அம்மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது; அது போதுமானதாயிற்று. விண்டோஸின் பழைய ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தியதோடு, கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும் நிர்வாகிகளின் நுழைவுச் சான்றுகளையும் அந்நிரல் திருடியது. ஒரு கணினியில் மைய நிர்வாகி எப்போதோ நுழைந்திருந்தால் அவருடைய சாவி அங்கே கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த கணினிக்குச் செல்லலாம். ஓட்டை அடைக்கப்பட்ட கணினிகளும் இவ்வழியில் விழுந்தன. ஏனெனில் கதவு உடைக்கப்படவில்லை. சரியான சாவியால் திறக்கப்பட்டது.

மேர்ஸ்க் குழுமத்தின் 76 முனையங்களில் 17 பாதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மும்பைக்கு எதிர்க்கரையில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய கேட்வே டெர்மினல்ஸ். அதன் பணி நின்றது. கப்பல்களையும் பெட்டிகளையும் அத்துறைமுகத்தின் பிற முனையங்களுக்குத் திருப்ப முயன்றார்கள். இந்தியாவில் யாரும் தவறு செய்யவில்லை. தவறு என ஒன்று இருந்தால் அது கருங்கடற்கரையில் ஒரு மேசைமேல் இருந்தது. ஆள்களம் ஒன்றாக இருந்ததால் அந்த மேசை நாவசேவாவுக்கு அடுத்த அறையாகிவிட்டது.

மீட்புக் கதை இன்னும் அறிவூட்டுவது. பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் 2018-இல் எழுதிய விரிவான செய்திக் கட்டுரை இதைப் பதிவுசெய்திருக்கிறது. தரவுகளின் காப்புப் படிகள் பல இருந்தன. ஆனால் யார் எவர், யாருக்கு எதில் நுழைய உரிமை என்று சொல்லும் ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கிகளுக்குத் தனிக் காப்புப்படி இல்லை. ஏறத்தாழ 150 வழங்கிகள் ஒன்றையொன்று படியெடுத்துக் கொண்டிருந்ததால், அவையே ஒன்றுக்கொன்று காப்பு என்று கருதப்பட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் வாய்ப்பை எவரும் எண்ணவில்லை. எஞ்சியது ஒன்று. கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன் மின்சாரம் போயிருந்ததால் அங்கிருந்த வழங்கி பிணையத்திலிருந்து அறுந்து கிடந்தது. அந்த மின்வெட்டுதான் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றின் அடையாளப் பதிவேட்டைக் காப்பாற்றியது. அங்கிருந்த இணைய வேகம் அந்தத் தரவை இங்கிலாந்துக்கு அனுப்பப் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் வன்வட்டை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் மற்றொருவரிடம் ஒப்படைக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். அஞ்சலோட்டம் இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஒழியவில்லை. நிறுவனத் தலைவர் ஜிம் ஹாகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் நகரில் பேசியபோது, பத்து நாள்களில் 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் 2,500 மென்பொருள்களும் மீண்டும் நிறுவப்பட்டதாகக் கூறினார். இழப்பு 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை என்று நிறுவனம் மதிப்பிட்டது. தாக்குதலுக்கு ரஷ்ய இராணுவமே பொறுப்பு என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் அறிவித்தன.

வல்லார்பாட முனையத்தை நடத்தும் குழுமத்துக்கு அதன் முறை 2023 நவம்பரில் வந்தது, ஆஸ்திரேலியாவில். அந்நாட்டுக் கொள்கலன் போக்குவரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கையாளும் டி.பி. வேர்ல்டு ஆஸ்திரேலியா தன் பிணையத்தில் ஊடுருவலைக் கண்டறிந்து, நவம்பர் 10 அன்று தானே இணையத் தொடர்பைத் துண்டித்தது. மெல்போர்ன், சிட்னி, பிரிஸ்பேன், ஃப்ரீமாண்டில் ஆகிய நான்கு துறைமுகங்களிலும் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்க முடிந்தது. லாரிகள் உள்ளே வந்து எடுத்துச்செல்ல முடியவில்லை. ஏறத்தாழ 30,000 பெட்டிகள் தேங்கின. 13-ஆம் தேதி பணி மீண்டும் தொடங்கியது. ஊழியர் தரவு சில களவு போயிருந்தாலும், மேர்ஸ்குக்கு நேர்ந்த பேரழிவு நேரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடு புலப்படும். 2023-இல் துண்டிப்பு ஒரு முடிவாக இருந்தது, யாரோ எடுத்த முடிவு. 2017-இல் கானாவின் துண்டிப்பு மின்வாரியத்தின் கொடை.

உள்நாட்டுச் சான்று வேண்டுவோருக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று அதன் வழங்கிகளுள் ஐந்து தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வெளிநோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை பல நாள்கள் கையெழுத்துக்குத் திரும்பின. பிணையம் முறையாகப் பகுதி பிரிக்கப்படாததே காரணம் என்று ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் விடையளித்தார். சேர்த்தது பிழை என்று அவர் சொல்லவில்லை. சேர்த்தபின் அறைகளுக்கிடையே சுவர் எழுப்பாததே பிழை.

அப்படியானால் வல்லார்பாடத்திலோ வில்லிங்டன் தீவிலோ எட்டுப் பத்துக் கணினிகளோடு இயங்கும் கப்பல் முகவர் அலுவலகம், தாய் நிறுவனத்தின் ஆள்களத்தில் சேர மறுக்கவேண்டுமா? தனித்து நிற்றலை வீரமாகக் கொண்டாடும் எழுத்துகளும் உண்டு. அவை அத்தகைய அலுவலகத்தின் உள்ளே எட்டிப்பார்க்காதவை. தனிக் கணினிகளின் உலகில் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டப்பட்டிருக்கும். எல்லாக் கணினிகளுக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் ஒன்றே. அது நிறுவனத்தை விட்டுப்போன பணியாளருக்கும் தெரியும். ஒட்டுத்திருத்தங்கள் யாருக்கு நினைவிருக்கிறதோ அந்தக் கணினியில் மட்டும் இருக்கும். சட்டமும் இப்போது தனித்திருப்போருக்கு வசதியாக இல்லை: சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகள், ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும், கடிகாரங்களை அரசு குறிப்பிடும் நேர வழங்கிகளோடு ஒத்துவைக்கவும் கோருகின்றன. எட்டுக் கணினிகளில் எட்டு இடத்தில் சிதறிக் கிடக்கும் பதிவேட்டை ஆறு மணி நேரத்தில் தேடித்தொகுப்பது யாரால் ஆகும்? கடிகாரம் மறுபடியும் மையத்தின் பக்கமே நிற்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு: தாய் நிறுவனத்தோடு சேராமல், உள்ளூருக்கென ஓர் ஆள்களம். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா என்ற கட்டற்ற மென்பொருள், 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியின் கட்டுப்பாட்டு வழங்கியாகவே இயங்க வல்லது. பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக்காட்டிய கேரளத்தில் இதற்கான ஆள்களுக்குப் பஞ்சமில்லை. செலவு மென்பொருளில் இல்லை. நள்ளிரவில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் இருக்கிறது. சிறிய அலுவலகங்கள் இவ்வழியைத் தேர்ந்து பின் கைவிடுவது பெரும்பாலும் அந்த ஒரே ஆள் வேறு வேலைக்குப் போனதனால்தான்.

சேர்வது என்று முடிவானால், 1865-இன் உடன்படிக்கையைப் போல அதற்கு விலை பேசவேண்டும். மைய நிர்வாகிகளின் உயர்மட்டச் சாவி கிளை அலுவலகத்தின் சாதாரணக் கணினிகளில் ஒருபோதும் பயன்படுத்தப்படக் கூடாது என்பது பேரத்தின் முதல் வரி. மேர்ஸ்கில் தீநிரல் ஏறிச்சென்ற ஏணி அதுவே. கட்டுப்பாட்டு வழங்கியின் காப்புப்படி ஒன்று பிணையத்துக்கு வெளியே, மின்சாரமும் இல்லாமல், இரும்புப் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்பது அடுத்தது. தனி ஆள்களம் அமைத்தாலே பாதுகாப்பு எல்லை கிடைத்துவிடும் என்று கிளைகள் நம்பக்கூடாது. ஆக்டிவ் டைரக்டரி வந்த புதிதில் பலரும் அப்படித்தான் நம்பினர். எல்லை என்பது ஆள்களம் அல்ல, பல ஆள்களங்களை அடக்கிய ‘காடு’ என்னும் மேலமைப்பே என்று மைக்ரோசாஃப்ட் பிற்பாடு விளக்கவேண்டியிருந்தது. ஒரே காட்டுக்குள் இருக்கும் இரு ஆள்களங்கள் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் போன்றவை. வரைபடத்தில் கோடு உண்டு, காயலில் கிடையாது.

மையம் எட்டாத நாளில் என்ன நடக்கும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டியது. விண்டோஸ் கணினி வழக்கமான அமைப்பில் தன்னிடம் கடைசியாக நுழைந்த பத்துப் பயனர்களின் சுவடுகளை நினைவில் வைத்திருக்கும். மையம் அறுந்தாலும் அவர்கள் தம் மேசைக்குத் திரும்பலாம். அன்று காலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் நுழைய முடியாது. விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வேறு கிளையிலிருந்து வந்தவரும் முடியாது. உள்ளூர் நிர்வாகிக் கணக்கு ஒன்று ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லோடு உயிருடன் இருந்தால் மட்டுமே அலுவலகம் தன் பெட்டியைத் தானே திறக்கும். அந்தக் கடவுச்சொற்களை மையத்திலேயே பூட்டிவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2015 முதல் தருகிறது; பெரும்பாலான நாள்களில் அது நல்ல ஏற்பாடு, மையமே அழிந்த நாளில் அதனால் பயனில்லை. எனவே தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து மூடிய ஒரு படி ஊரிலேயே இருக்கவேண்டும். அந்த உறை யாருடைய மேசை இழுப்பறையில் இருப்பது, அவர் இல்லாத நாளில் அதைப் பிரிக்க உரிமை யாருக்கு என்பதைச் சேரும் நாளுக்கு முன்பே தாய் நிறுவனமும் கிளையும் கையொப்பமிட்டு முடித்துக்கொள்வது நன்று. சேர்ந்த பிறகு கிளைக்குப் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. 1950-இல் கொச்சிக்கு இருந்ததுபோலவே.